வளரும் எலும்புக்குப் பெரியவர்களின் அட்டவணை

உச்சநிலைக் கால்பந்து அகாடமிகளில் சேரும் சிறுவர்களின் காயங்களுக்கு ஒரு வரிசை உண்டு. பத்து, பதினொரு வயதில் குதிகால் வலிக்கும். பன்னிரண்டிலிருந்து பதினான்குக்குள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, முன்பக்கத்தில் எலும்பு புடைத்து வலிக்கும். அதைத் தாண்டினால் இடுப்பு எலும்பு. பதினாறு, பதினேழில் கீழ்முதுகும் கவட்டையும். பதினெட்டைத் தொட்டு முதல் அணிக்குப் போனபின் பின்தொடைத் தசை. வயது ஏற ஏற, காயமும் பாதத்திலிருந்து மேல்நோக்கி ஏறுகிறது. இது தற்செயல் அல்ல. எலும்புகள் வளர்ந்து முதிர்வதும் ஏறக்குறைய இதே வரிசையில்தான்: பாதம் முதலில், முதுகெலும்பு கடைசியில்.

இவ்வளவு துல்லியமாக முன்கூட்டியே சொல்லக்கூடிய காயங்கள் இந்நேரம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. மருத்துவ அறிவு போதாததால் வந்த நிலை அல்ல இது. வளர்ந்து முடியாத உடலுக்கு வளர்ந்தவர்களின் ஆட்ட அட்டவணையை மாட்டிவிட்டதும், அந்தப் பையன் ஓராண்டில் மொத்தம் எத்தனை நிமிடம் ஆடினான் என்ற கணக்கு யாரிடமும் முழுதாக இல்லாததும்தான் காரணம். கிளப்பிடம் ஒரு பகுதி இருக்கும், பள்ளியிடம் ஒரு பகுதி, தேசிய அணியிடம் இன்னொரு பகுதி. கூட்டிப் பார்க்க ஆளில்லை.

எலும்பு முந்தும், தசை பின்தங்கும்

ஆண் பிள்ளைகளுக்குச் சராசரியாகப் பதினான்கு வயதை ஒட்டி உயரம் திடீரென்று கூடுகிறது. அந்த ஓராண்டில் ஒன்பது, பத்து சென்டிமீட்டர்கூட வளர்வார்கள். பெண் பிள்ளைகளுக்கு இது ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்னதாகவே வந்துவிடும். இந்த வளர்ச்சியில் எலும்பு முதலில் நீள்கிறது. அதன்மேல் ஓடும் தசையும் தசைநாணும் பிறகுதான் எட்டிப்பிடிக்கின்றன. இடைப்பட்ட மாதங்களில் தசை இறுக்கமாகவே இருக்கும். தசைநாண் எலும்பில் பிடித்திருக்கும் இடமோ இன்னும் முழு எலும்பாகவில்லை, குருத்தெலும்பாகத்தான் இருக்கிறது. இழுவிசை முழுவதையும் தாங்க வேண்டிய அந்த இடமே உடலின் மிக வலுவற்ற இடமாக இருப்பதுதான் சிக்கல்.

முழங்காலுக்குக் கீழே வரும் புடைப்பை பாஸ்டனைச் சேர்ந்த ராபர்ட் ஆஸ்குட், சூரிச்சைச் சேர்ந்த கார்ல் ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்கள் 1903இல் தனித்தனியே விவரித்தார்கள். இன்றுவரை அவர்கள் இருவரின் பெயரிலேயே அது அழைக்கப்படுகிறது. குதிகால் வலியை 1912இல் விவரித்தவர் ஜேம்ஸ் சீவர். கால்பந்து அகாடமி என்ற ஒன்றே இல்லாத காலத்தில் கண்டறியப்பட்ட நோய்கள் இவை. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். வாரத்தில் ஐந்து நாள் பயிற்சியும் ஒருநாள் ஆட்டமும் உள்ள பையனுக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை என்பதால்தான் சாதாரண வலி மாதக்கணக்கான வலியாகிறது.

இடுப்பில் நடப்பது இதைவிடக் கடுமையானது. கோலை நோக்கி ஓங்கி அடிக்கும் ஓர் உதையைப் பார்க்கலாம். கால் பின்னால் போகும்போது தொடையின் முன்தசை முழு நீளத்துக்கு இழுபடுகிறது. பந்தைத் தொடும் கணத்தில் அதே தசை முழு வலுவோடு சுருங்குகிறது. இருபத்தைந்து வயதுக்காரருக்கு இதில் ஏதாவது தவறினால் தசை கிழியும். பதினைந்து வயதுப் பையனுக்குத் தசை தாக்குப்பிடித்துவிடும். அது பிடித்திருக்கும் இடுப்பெலும்பின் விளிம்புதான் ஒரு துண்டாகப் பிய்ந்துகொண்டு வரும். பையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளர் அதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்து ஐஸ் வைத்துவிட்டு அடுத்த வாரம் ஆடச் சொன்னால், பிய்ந்த துண்டு தள்ளிப்போய் ஒட்டும். எக்ஸ்ரே எடுக்காமல் இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

வலியே இல்லாமல் நடக்கும் மாற்றமும் உண்டு. ரோட்டர்டாமின் ஃபேயனோர்ட் கிளப்பின் இளம் வீரர்களை நெதர்லாந்து ஆய்வாளர்கள் சில ஆண்டு இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். தொடையெலும்பின் பந்துபோன்ற தலை, கழுத்தைச் சேரும் இடத்தில் உருண்டையாக இருக்க வேண்டியது, பலருக்குத் தட்டையாகவும் புடைத்தும் மாறியிருந்தது. பன்னிரண்டு, பதிமூன்று வயதிலேயே தொடங்கும் இந்த மாற்றம், எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு மூடியபின் மேற்கொண்டு நடப்பதில்லை. அதாவது, எலும்பு வளரும் காலத்தில் அதன்மேல் விழும் சுமைதான் அதன் வடிவத்தை எழுதுகிறது. பிற்காலக் கவட்டை வலிக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் இந்த வடிவ மாற்றம் ஒரு காரணம் என்பதால், பதிமூன்று வயதில் ஆடிய ஆட்டத்தின் விலையை நாற்பது வயதில் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

பிறந்த தேதியை வைத்து அணி பிரிப்பது இந்தச் சிக்கலை இன்னும் கூட்டுகிறது. ஒரே பதினான்கு வயதுக்குட்பட்ட அணியில் இருவருக்கு எலும்பு வயதில் நான்கைந்து ஆண்டு வித்தியாசம் இருக்க முடியும். முன்னதாக வளர்ந்தவன் வேகமாக ஓடுகிறான், மோதலில் ஜெயிக்கிறான், அணியில் எடுக்கப்படுகிறான். எடுக்கப்பட்டதாலேயே அதிகம் ஆடுகிறான். தாமதமாக வளர்பவன் தன்னைவிடப் பத்துப் பதினைந்து கிலோ கூடுதலானவனோடு தோள் மோத வேண்டியிருக்கிறது. வளர்ச்சி வேகமெடுக்கும் ஆண்டில் கால் நீண்டுவிடுவதால், பழகிய பந்தடிகூட அவனுக்குச் சில மாதம் பிடிபடாமல் போகும். ‘பையனுக்கு ஃபார்ம் போச்சு’ என்று கூடுதல் பயிற்சி கொடுக்கப்படுவது பெரும்பாலும் அப்போதுதான். உடல் மிகக் குறைவாகத் தாங்கும் நேரம் பார்த்துச் சொல்லி வைத்தாற்போல் சுமை ஏறுகிறது.

எண்கள் சொல்வது

அகாடமிக் காயங்களைப் பற்றிய முதல் பெரிய கணக்கெடுப்பு இங்கிலாந்தில் நடந்தது. 1999 முதல் 2001 வரை இரண்டு சீசன்களில், 38 கிளப்புகளின் அகாடமிகளில் 3,805 காயங்கள் பதிவாயின. ஒரு வீரருக்கு ஒரு சீசனுக்குச் சராசரி 0.40 காயம், ஒவ்வொரு காயத்துக்கும் மூன்று வாரம் வெளியே, பயிற்சிக் காலத்தில் சுமார் 6 சதவீதம் காயத்தால் வீண். அதே நாட்டில் ஆறு தொழில்முறை அகாடமிகளின் 608 வீரர்களை வைத்து 2018இல் வெளியான மற்றொரு கணக்கெடுப்பில் அந்தச் சராசரி 1.32 ஆகியிருந்தது. மூன்று மடங்குக்கும் மேல்.

இடையில் காயத்தைப் பதிவுசெய்யும் முறை மேம்பட்டது. முன்பு ஏட்டில் ஏறாத சிறு வலிகளும் இப்போது ஏறுகின்றன. ஆகவே மூன்று மடங்கு என்பதை அப்படியே எடுத்துக்கொள்வது சரியாகாது. ஆனால் இடையில் நடந்த வேறொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2012இல் பிரீமியர் லீக் கொண்டுவந்த இளையோர் மேம்பாட்டுத் திட்டம், ஒன்பது வயதிலிருந்து இருபத்தொன்று வரை ஒரு வீரர் பயிற்சியாளரோடு செலவிடும் நேரத்தை சுமார் 3,760 மணியிலிருந்து 8,500 மணியாக உயர்த்த இலக்கு வைத்தது. ஸ்பெயின், பிரான்ஸ் நாடுகளின் பிள்ளைகள் அதிக நேரம் பந்தோடு இருக்கிறார்கள், நம்மவர்கள் பின்தங்குகிறார்கள் என்ற கவலையில் பிறந்த இலக்கு அது. திறமை வளர்ந்தது, இங்கிலாந்தின் இளையோர் அணிகள் 2017இல் பதினேழு வயதுக்குட்பட்டோர், இருபது வயதுக்குட்பட்டோர் என்று இரண்டு உலகக் கோப்பைகளையும் வென்றன. காயமும் கூடவே வளர்ந்தது என்பதை வெற்றிப் பட்டியலில் யாரும் சேர்க்கவில்லை.

பிரான்சின் கிளேர்ஃபோன்டேன் தேசிய மையத்தில் பத்து சீசன்களாகத் தொகுக்கப்பட்ட கணக்கு இன்னொரு செய்தியைத் தருகிறது. பதினான்கு முதல் பதினாறு வயதுக்குட்பட்டோரிடம் பதிவான 1,152 காயங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பயிற்சியின்போது நேர்ந்தவை. ஒரு மணி நேரக் கணக்கில் பார்த்தால் ஆட்டம்தான் ஆபத்தானது. ஆனால் இந்த வயதில் பிள்ளைகள் பயிற்சியிலேயே அதிக நேரம் கழிப்பதால் மொத்தக் காயமும் அங்கேதான் குவிகிறது. நடுவரைக் குறைசொல்லவோ எதிரணியின் முரட்டு ஆட்டத்தைக் காட்டவோ இங்கே வழியில்லை. பயிற்சியின் அளவு முழுவதும் கிளப்பின் கையில் இருப்பது.

பெரியவர்களின் ஆட்டத்தில் போக்கு இன்னும் தெளிவு. ஸ்வீடன் மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்ட் தலைமையில் 2001 முதல் யூஃபாவுக்காக நடந்துவரும் ஆய்வு, ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகளைத் தொடர்ந்து கவனிக்கிறது. 25 பேர் கொண்ட அணிக்கு ஒரு சீசனில் சுமார் 50 காயங்கள் என்பது அதன் பொதுக்கணக்கு. அவற்றில் பின்தொடைத் தசைக் காயங்களின் பங்கு 2001-02இல் 12 சதவீதமாக இருந்து 2021-22இல் 24 சதவீதமாக, சரியாக இரு மடங்காகியிருக்கிறது. ஆட்டத்தில் முழு வேக ஓட்டங்கள் கூடியதும், ஆட்டங்களுக்கிடையே நாட்கள் குறைந்ததும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பின்தொடைக் காயங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பழைய காயம் மீண்டும் வருவது. அப்படி மீண்டும் வருபவற்றில் மூன்றில் இரண்டுக்கும் மேல் களத்துக்குத் திரும்பிய முதல் இரண்டு மாதத்துக்குள். அவசரப்பட்டுத் திரும்புவதன் விலை அது. ஹவ்டன் என்ற காப்பீட்டுத் தரகு நிறுவனம், ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீக்குகளில் 2023-24 சீசனில் மட்டும் 4,123 காயங்கள், சம்பளக் கணக்கில் அவற்றின் விலை 73 கோடி யூரோவுக்கும் மேல் என்று மதிப்பிட்டது.

ஓவனிலிருந்து யமால் வரை

பதின்வயதில் முதல் அணிக்கு ஏறியவர்கள் உடைவது புதிதல்ல. மைக்கேல் ஓவன் பதினேழு வயதில் லிவர்பூலுக்கு ஆடத் தொடங்கி, பதினெட்டில் பிரீமியர் லீக்கின் அதிக கோல்காரர்களில் ஒருவராகி, அதே ஆண்டு உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக அந்தப் புகழ்பெற்ற கோலை அடித்தார். 1999 ஏப்ரலில் லீட்ஸ் மைதானத்தில், யாரும் தொடாமலே, ஓடும்போது பின்தொடைத் தசை கிழிந்தது. அப்போது வயது பத்தொன்பது. 2001இல் பாலன் தோர் விருதை வென்றார் என்றாலும், தன் பழைய வேகம் அந்த நாளோடு போய்விட்டது என்று அவரே பின்னாளில் பலமுறை பேசியிருக்கிறார்.

ஆர்சனலின் ஜாக் வில்ஷர் 2010-11 சீசனில் கிளப்புக்கு மட்டும் 49 ஆட்டங்கள் ஆடினார். சீசன் தொடங்கும்போது வயது பதினெட்டு. அந்தக் கோடையில் இருபத்தொரு வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பைக்கும் அவரை அனுப்ப வேண்டும் என்று இங்கிலாந்துச் சங்கம் விரும்ப, ஓய்வு வேண்டும் என்று கிளப் மறுத்தது. கடைசியில் அவர் போகவில்லை. ஆனால் அதற்குள் காலம் கடந்திருந்தது. அடுத்த சீசனுக்கான தயாரிப்பிலேயே கணுக்காலில் மயிரிழை விரிசல் கண்டுபிடிக்கப்பட்டு, 2011-12 சீசன் முழுவதையும் இழந்தார். அதன்பின் கணுக்கால் அவரை விடவேயில்லை. 2022இல், முப்பது வயதில், ஓய்வை அறிவித்தார். எலும்பில் விழும் இத்தகைய விரிசலுக்கு ஓர் அடியோ மோதலோ தேவையில்லை. அன்றாடம் ஓடுவதால் எலும்பில் ஏற்படும் நுண்சேதத்தை உடல் ஓய்வு நேரத்தில் சரிசெய்துகொண்டே வரும். ஓய்வு குறையும்போது சேதம் முந்திக்கொள்கிறது.

வில்ஷரின் காலத்தில் அதிகமாகத் தெரிந்த 49, பத்தாண்டுக்குப் பிறகு சாதாரண எண்ணாகிவிட்டது. பார்சிலோனாவின் பெட்ரி 2020-21இல் கிளப், யூரோ கோப்பை, டோக்கியோ ஒலிம்பிக் எல்லாம் சேர்த்து எழுபதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார், பதினெட்டு வயதில். ஒலிம்பிக் இறுதியாட்டம் ஆகஸ்ட் 7. ஸ்பெயின் லீக்கின் அடுத்த சீசன் ஒரு வாரத்தில் தொடங்கியது. தொடைத் தசை மீண்டும் மீண்டும் கிழிய, அந்தச் சீசனில் கிளப்புக்கு அவரால் 22 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. அதே கிளப்பின் ஆன்சு ஃபாத்தி, பதினேழு வயதில் சாம்பியன்ஸ் லீக்கின் மிக இளைய கோல்காரரானவர், 2020 நவம்பரில் முழங்காலின் மெனிஸ்கஸ் குருத்தெலும்பு கிழிந்து, ஒன்றுக்கு மேற்பட்ட அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஏறக்குறைய பத்து மாதம் கழித்தே களமிறங்கினார்.

2023 நவம்பரில் இரண்டு அடுத்தடுத்த நாட்கள். பதினெட்டாம் தேதி நீஸ் நகரில் ஜிப்ரால்டரை 14-0 என்று பிரான்ஸ் நசுக்கிய ஆட்டத்தில், பதினேழு வயது வாரன் ஸயிர்-எமெரி தேசிய அணிக்கான தன் முதல் கோலை அடித்த அதே நொடியில் கணுக்காலில் மிதிபட்டு வெளியேறினார். மறுநாள் வல்லடோலிடில் ஜார்ஜியாவுக்கு எதிராக ஸ்பெயினின் காவி, பத்தொன்பது வயது, முழங்காலின் ஏசிஎல் தசைநார் அறுந்து விழுந்தார். இரு நாடுகளும் அதற்கு முந்தைய மாதமே யூரோ 2024க்குத் தகுதிபெற்றுவிட்டன. காவி அதற்குள் பார்சிலோனாவுக்கு நூறு ஆட்டங்களைத் தாண்டியிருந்தார். மோதலில் வரும் காயத்தை அட்டவணையின் தலையில் கட்ட முடியாது என்பது உண்மைதான். ஆனால் தகுதி ஏற்கெனவே உறுதியாகிவிட்ட ஆட்டத்துக்கு அந்த இருவரையும் தொடக்க அணியில் நிறுத்தியது யாருடைய கணக்கு என்ற கேள்வி நிற்கிறது.

காவியின் காயத்துக்கு ஒரு விலைப்பட்டியல் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. சீனியர் தேசிய அணிக்காக ஆடும்போது வீரர் 28 நாளுக்கு மேல் காயமடைந்தால், அவருக்குக் கிளப் கொடுக்கும் சம்பளத்தை ஃபிஃபா ஈடுகட்டுகிறது: நாளொன்றுக்கு அதிகபட்சம் 20,548 யூரோ, ஓராண்டுக்கு 75 லட்சம். கிளப்பின் நஷ்டத்துக்கு நாள்வாரியாகக் கணக்கு இருக்கிறது. வீரரின் முழங்காலுக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. பதினைந்து வயதில் இடுப்பெலும்பு பிய்ந்து, மறு ஆண்டு அகாடமியிலிருந்து விடுவிக்கப்படும் பையன் இந்த ஏற்பாட்டின் கண்ணிலேயே படுவதில்லை.

கிளப்பும் நாடும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதன் அண்மைக்கால உதாரணம் லமின் யமால். பதினெட்டு வயது நிறைவதற்குள்ளேயே பார்சிலோனாவுக்கு மட்டும் நூறு ஆட்டம் ஆடியவர். 2025 செப்டம்பரில் கவட்டை வலியோடு இருந்த அவரை வலிநிவாரணி கொடுத்து ஸ்பெயின் ஆடவைத்தது என்று கிளப் பயிற்சியாளர் ஹான்சி ஃப்ளிக் வெளிப்படையாகவே குற்றம்சாட்டினார். நவம்பரில் நிலைமை தலைகீழ்: தேசிய அணி கூடும் நாளன்று தங்களிடம் முன்கூட்டிச் சொல்லாமல் கிளப் தரப்பில் அவருக்குக் கவட்டையில் சிகிச்சை நடந்தது என்று ஸ்பெயின் சங்கம் குறைப்பட்டு, அவரை அணியிலிருந்து விடுவித்தது. இருதரப்பும் வீரரின் நலனைத்தான் பேசின. வலி ஒரே கவட்டையில்தான். மருத்துவக் குறிப்பேடு மட்டும் இரண்டு.

வீரர்களின் சர்வதேசச் சங்கமான ஃபிஃப்ப்ரோ இளம் வயதில் சேரும் ஆட்டச் சுமையைத் தலைமுறைவாரியாக ஒப்பிட்டிருக்கிறது. இருபத்தொரு வயதை எட்டும் முன் ஜூட் பெல்லிங்ஹாம் கிளப்புக்கும் நாட்டுக்குமாக ஆடியவை 251 ஆட்டங்கள். அதே வயதில் டேவிட் பெக்காம் ஆடியது 54. பெல்லிங்ஹாம் 2023 நவம்பரில் தோள்மூட்டு விலகியதிலிருந்து கட்டுப் போட்டுக்கொண்டே ஆடினார். இடையில் அறுவைச் சிகிச்சைக்கு நேரம் ஒதுக்க முடியாமல், 2025 கோடையில் கிளப் உலகக் கோப்பையும் முடிந்த பிறகே செய்துகொண்டார். அந்தக் கிளப் உலகக் கோப்பை 32 அணிகளாக விரிந்ததும், சாம்பியன்ஸ் லீக் 2024-25இலிருந்து 36 அணிகளாக விரிந்ததும், 2026 உலகக் கோப்பை 48 அணி, 104 ஆட்டம் என்று விரிந்ததும் ஒரே ஈராண்டுக்குள். ஒவ்வோர் அமைப்பும் தன் போட்டியை மட்டும் பெருக்குகிறது. எல்லாவற்றிலும் ஆட வேண்டிய கால்கள் அதே கால்கள்.

இதை விதி என்று விட்டுவிட முடியாது என்பதற்குப் பெட்ரியே சாட்சி. வலுப் பயிற்சியையும் ஓய்வையும் திட்டமிட்டு மாற்றியமைத்த 2024-25 சீசனில், பார்சிலோனாவின் ஏறக்குறைய எல்லா ஆட்டங்களிலும் அவர் களத்தில் இருந்தார்.

பெண்களும் முழங்காலும்

ஏசிஎல் தசைநார் அறுவது பெண் வீரர்களுக்கு ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். பருவமெய்தும் வயதிலிருந்து இந்த வித்தியாசம் தொடங்குகிறது. இடுப்பின் அகலம், ஹார்மோன் போன்றவை பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. வலுப் பயிற்சி தாமதமாகத் தொடங்குவது, மோசமான மைதானம், ஆண் பாதத்துக்கு வடிவமைத்த காலணி, மருத்துவக் குழுவின் பற்றாக்குறை ஆகியவை குறைவாகவே பேசப்படுகின்றன. மாற்றக்கூடியவை இவைதான். 2023 உலகக் கோப்பையை விவியான் மீடெமா, பெத் மீட், லியா வில்லியம்சன், மரி-அன்துவானெத் கடோடோ எனப் பல முன்னணி வீராங்கனைகள் இந்த ஒரே காயத்தால் இழந்தபோதுதான் இது தலைப்புச் செய்தியானது.

வயது குறைவாக இருப்பது இந்தக் காயத்தில் அனுகூலமல்ல, ஆபத்து. இருபத்தைந்து வயதுக்குட்பட்டு, அறுவைச் சிகிச்சைக்குப் பின் பழைய விளையாட்டுக்கே திரும்பியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அதே முழங்காலிலோ மறு முழங்காலிலோ தசைநார் மறுபடி அறுகிறது. திரும்புவதை ஒன்பது மாதம்வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாய ஆபத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்று நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு காட்டியது. ஆறாம் மாதத்தில் பையனும் பெண்ணும் நன்றாகவே ஓடுவார்கள், பந்தை உதைப்பார்கள், வலியும் இருக்காது. இளம் வீரரையும் பெற்றோரையும் இன்னும் மூன்று மாதம் பொறுக்கவைப்பது அறுவைச் சிகிச்சையைவிடக் கடினம் என்பது பிசியோக்கள் அறிந்த விஷயம்.

தெரிந்த மருந்து, எடுக்காத வேளை

தடுக்கும் வழிகள் பெரும்பாலும் மலிவானவை. ஃபிஃபாவின் ‘11 பிளஸ்’ என்ற இருபது நிமிட வார்ம்-அப் 2006 வாக்கில் உருவானது. நார்வேயில் 13 முதல் 17 வயதுவரையுள்ள ஏறத்தாழ 1,900 பெண்களிடம் சோதித்தபோது, கடுமையான காயங்கள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தன. ஏழிலிருந்து பதின்மூன்று வயதுக்கான அதன் சிறுவர் வடிவம் நான்கு ஐரோப்பிய நாடுகளில் சோதிக்கப்பட்டு, மொத்தக் காயங்களை 48 சதவீதம் குறைத்தது. பின்தொடைக்கு ‘நார்டிக்’ பயிற்சி இருக்கிறது: முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை மெதுவாக முன்னால் சாயவிட்டுத் தாங்க வேண்டும். கருவி எதுவும் வேண்டாம். ஒழுங்காகச் செய்தால் பின்தொடைக் காயம் பாதியாகிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்த முடிவு. ஆனால் சாம்பியன்ஸ் லீக், நார்வே லீக் கிளப்புகளிடம் விசாரித்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், நூற்றுக்கு 83 பங்கு அதைச் சொன்னபடி செய்யவில்லை. தசை வலிக்கும், அடுத்த ஆட்டம் மூன்று நாளில் வருகிறது என்பதே காரணம். தடுப்பு மருந்து சாப்பிட நேரமில்லாமல் செய்வதும் அந்த அட்டவணைதான்.

வளரும் பிள்ளைகளுக்கு இதைவிட எளிய கருவி உயர அளவுகோல். சில அகாடமிகளில் ஒவ்வொரு மாதமும் குறித்த நாளில், காலையில், காலணியைக் கழற்றிவிட்டு நின்ற உயரம், உட்கார்ந்த உயரம், எடை மூன்றையும் எடுக்கிறார்கள். பெற்றோரின் உயரத்தையும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டால், அந்தப் பையன் தன் முழு உயரத்தில் எத்தனை சதவீதத்தை எட்டியிருக்கிறான் என்பது தெரியும். 88 முதல் 95 சதவீதம்வரை ஆபத்தான பட்டை. மாதத்துக்கு 0.6 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தால் காயம் கூடுகிறது என்று நெதர்லாந்தில் இளம் வீரர்களை அளந்து கண்டார்கள். பட்டைக்குள் இருப்பவனுக்கு முழு வேக ஓட்டமும் குதிக்கும் பயிற்சியும் குறைகின்றன. சமநிலைப் பயிற்சி கூடுகிறது. இங்கிலாந்தின் போர்ன்மவுத் அகாடமி, பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து இதைச் செய்து பார்த்ததில் வளர்ச்சிக் காலக் காயங்கள் குறைந்தன. பிறந்த தேதிக்குப் பதிலாக உடல் முதிர்ச்சியை வைத்து அணி பிரிக்கும் போட்டிகளையும் பிரீமியர் லீக் சோதித்திருக்கிறது.

மொத்தச் சுமைக்கு உச்சவரம்பு வைப்பதில் மட்டும் கால்பந்து பின்தங்கியே இருக்கிறது. அமெரிக்காவின் லிட்டில் லீக் பேஸ்பாலில் 2007 முதல் ஒவ்வொரு பந்து வீச்சும் எண்ணப்படுகிறது. 11, 12 வயதுப் பையன் ஒருநாளில் 85 பந்துக்கு மேல் வீசக் கூடாது, வீசிய எண்ணிக்கையைப் பொறுத்து அடுத்த சில நாள் கட்டாய ஓய்வு. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு ஒரு ஸ்பெல்லுக்கும் ஒருநாளுக்கும் வயதுவாரியாக ஓவர் வரம்பு வைத்தது, கீழ்முதுகு விரிசலுக்குப் பயந்து. கால்பந்தில் ஒரு பதினேழு வயதுக்காரர் ஓராண்டில் எத்தனை ஆட்டம் ஆடலாம் என்பதற்கு உலக அளவில் எந்த எண்ணும் இல்லை. 2025 ஜூலையில் ஃபிஃபா பேசிய 72 மணி நேர இடைவெளியும் 21 நாள் சீசன் ஓய்வும் வயதைப் பார்ப்பதில்லை. முப்பது வயதுக்காரருக்கும் பதினேழு வயதுக்காரருக்கும் ஒரே அளவு.

இந்தியாவில் இதன் பாதிக் கருவி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது என்பது விநோதம். வயது மோசடியைப் பிடிக்க, இளையோர் போட்டிகளில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைக் கணக்கிடும் டிடபிள்யூ-3 முறையை அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் பயன்படுத்திவந்திருக்கிறது. வளர்ச்சித் தட்டு எவ்வளவு மூடியிருக்கிறது என்பதைத்தான் அந்தப் படமும் காட்டுகிறது. மான்செஸ்டர் யுனைடெட் அகாடமி ஆய்வாளர்கள் காயத்தையும் வளர்ச்சியையும் ஒப்பிட்டதும் எலும்பு வயதை வைத்துத்தான். இங்கே அந்தப் படம் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது: பையன் தகுதியானவனா, இல்லையா. தகுதியானவன் என்று தெரிந்தபின், வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறான், இந்தப் பருவத்தில் அவனுக்கு எவ்வளவு ஓட்டம் தாங்கும் என்ற மறுபாதித் தகவல் பயிற்சியாளரைச் சேரும் வழக்கம் பரவவில்லை. ஒரு வாரத்துக்குள் குழு ஆட்டங்களிலிருந்து இறுதிவரை முடித்துவிடும் பள்ளிப் போட்டிகளில், மாவட்ட அணிக்கும் பள்ளிக்கும் கிளப்புக்கும் அதே நல்ல பையன்தான் ஆடுகிறான். அவனுடைய உயரத்தையும் ஆடிய நிமிடத்தையும் மாதாமாதம் எழுதிவைக்க ஓர் அளவு நாடாவும் ஒரு நோட்டும் போதும். மூன்று அணிகளுக்கும் நோட்டு ஒன்றாக இருக்க வேண்டும்.